ஓடைக் குழுவின் கடைசி அக்கா

ஓடைக் குழுவில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் போகிறவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. நடுவில் இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், பேசலாம், சண்டை போட்டுக்கொள்ளலாம், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளலாம். ஊருக்கு நடுவே ஓடும் ஓடையின் கரையில் பதினொரு வருடமாக ஞாயிறு தவறாமல் அந்தக் கூட்டம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. முன்னால் போகிறவர் பல் டாக்டர். கடைசியில் வருகிறவள்தான் நம்முடைய ஆள்.

பல் டாக்டரைப் பற்றி ஊரே பேசும். குழுவை ஆரம்பித்தவர், நகராட்சிக்கு மனு மேல் மனு போட்டவர், ஓடையில் சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டவர்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆளிடமும் ஓடையைப் பற்றித்தான் பேசுவார். பாவம், அந்த ஆளால் பதில் சொல்லவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. கடைசியில் வருகிறவளைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? அதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. குழுவில் எல்லோரும் அவளைக் 'கடைசி அக்கா' என்பார்கள். நேரில் கூப்பிடும்போது வெறும் 'அக்கா'. அறுபதைத் தாண்டிய பல் டாக்டரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வேலை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்பக்கம் வெளிச்சம், நிலைக்கண்ணாடிகள், பிரேமை மாட்டி மாட்டி அழகு பார்க்கும் ஜனங்கள். பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் மெஷின், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு ஸ்டூல், அவள். சீட்டில் எழுதியிருக்கும் பவரைப் பார்த்து லென்ஸை எடுப்பாள். பிரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்ப்பாள். பொருத்தி, துடைத்து, டப்பாவில் போட்டு, சுவரில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக முன்பக்கம் தள்ளுவாள். இருபத்தாறு வருடமாக இதேதான். ஊரில் பாதிப் பேரின் மூக்கின் மேல் அவளுடைய கைவேலைதான் உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியாக அவர்கள் உலகத்தில் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், அவளைத் தவிர.

வீடு, மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலியும் இருந்தது. அதில் துணிகளைப் போட்டுப் போட்டு அது துணி வைக்கும் சாமானாகவே ஆகிவிட்டது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். ஆகவில்லை, அவ்வளவுதான். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒன்றும் உண்மையில்லை. வெளியூரில் ஒரு தம்பி இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வான்.

"சாப்டியாக்கா? உடம்பெல்லாம் நல்லா இருக்கா? சரிக்கா, வச்சிடட்டா?"

அந்த 'வச்சிடட்டா'வைச் சொல்வதற்குத்தான் அவன் போனையே எடுக்கிறான் என்று அவளுக்குத் தோன்றும். "வச்சிடுப்பா" என்பாள். வேறென்ன சொல்ல?

குழுவில் அவள் சேர்ந்த கதை ரொம்பச் சின்னது. கடையின் முன்பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன துண்டுச் சீட்டு ஒன்று பின்னறை வரைக்கும் வந்து சேர்ந்தது. 'ஞாயிறு காலை ஓடைக்கரையில் நடப்போம், வாருங்கள்' என்று இருந்தது. வாருங்கள் என்று யாரோ சொல்லி எத்தனை காலம்! போனாள். போன அன்றே செருப்பு வார் அறுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தவளைப் பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியில ஒரு ஆள் வேணும்னு தேடிட்டிருந்தேன். நீங்க எப்படியும் மெதுவாத்தானே வர்றீங்க? இந்த விசிலைப் பிடிங்க."

விசிலோடு ஒரு மருந்துப் பையும் வந்தது, ஒரு நோட்டும் வந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிய்ந்த செருப்போடு வீட்டுக்கு வந்து, கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றாமலே சமைத்தாள்.

கடைசியில் நடப்பது என்றால் என்ன என்று போகப் போகத்தான் தெரிந்தது. நாற்பது முதுகுகளைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடப்பதுதான் அது. சிரிப்புச் சத்தம் வரும், எதற்கென்று தெரியாது. முன்னால் டாக்டர் ஒரு பறவையைக் காட்டுவார். இவள் அந்த இடத்துக்கு வருவதற்குள் அது பறந்துவிடும். நோட்டில் மட்டும் எழுதிக்கொள்வாள், மற்றவர்கள் பார்த்ததாகச் சொன்னதை.

யாருமே அவளோடு பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. வருவார்கள். அழ வேண்டும் என்றால் வருவார்கள். கூட்டத்தின் நடுவில் அழ முடியுமா? கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, பின்தங்கி, கடைசியில் இவளிடம் வந்து சேர்வார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இருக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறவள். கூட்டத்துக்கே கலகலப்பு அவளால்தான். வீட்டில் புருஷன் மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவள் கண்ணைக் கசக்கியது கடைசி அக்காவிடம்தான். பத்து நிமிஷம் கொட்டித் தீர்ப்பாள். மூக்கை உறிஞ்சுவாள். "சரிக்கா, அவங்க தேடுவாங்க" என்று முன்னால் ஓடிவிடுவாள். 'நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் பத்து நிமிஷம் போதவில்லை. பதினொரு வருடமும் போதவில்லை.

இருந்தாலும் அவளுக்கு அந்த ஞாயிறு வேண்டியிருந்தது. திங்கள் முதல் சனி வரை அவள் உயிரோடு இருந்ததே அதற்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. சனிக்கிழமை சாயங்காலமே மருந்துப் பையைத் திறந்து பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்ததையே மறுபடி பார்ப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் நகராட்சிக்கு ஒரு யோசனை உதித்தது. ஓடையின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, அதன் மேல் வண்டிகளை நிறுத்த இடம் பண்ணலாமாம். அடேயப்பா, என்ன மூளை! டாக்டர் கொதித்துப் போய் அலுவலகத்துக்குப் படையெடுத்தார். அங்கே இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தச் சாக்கடைப் பக்கம் யாரு சார் போறாங்க? ஆள் நடமாட்டமே இல்லாத இடம்னு ரிப்போர்ட் இருக்கு" என்றார்.

டாக்டருக்கு அப்போதுதான் கடைசி அக்காவின் நோட்டு ஞாபகம் வந்தது. பதினொரு வருடம், ஒவ்வொரு ஞாயிறும், எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு. ஒரு நோட்டு இல்லை, நாலு நோட்டு. புதன்கிழமை மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். அங்கே இதைக் கொண்டுபோய் மேஜையில் போட்டால் அதிகாரி என்ன சொல்வார்?

"அக்கா, நீங்க பொக்கிஷம் அக்கா!" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நோட்டைத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்று ராத்திரி வரை அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, ஓடை பிறக்கிற மலைக்கு ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. புதன்கிழமை பேசப் போகிறவர்கள் எல்லாம் அதன் பிறப்பிடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும் என்றார் டாக்டர். காலையில் கடைசி அக்கா பஸ்ஸின் வாசலில் நின்றுகொண்டு ஏறுகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள். டாக்டரோடு சேர்த்து முப்பத்தொன்று. நோட்டில் எழுதினாள். பிறகு ஏறி, பின்வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். அது எப்போதும் அவளுடைய இடம்.

ஒரு மணி நேரப் பயணம், இரண்டு மணி நேர ஏற்றம். ஊற்று என்றால் பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு பாறையின் அடியில் கைக்குட்டை அகலத்துக்கு ஈரம், அதிலிருந்து ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர். ஆனால் டாக்டர் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி, "இதைத்தான் மூடப் போறாங்க" என்று சொன்னபோது வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் ஊற்றைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதை எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இறங்கி வந்தபோது மணி மூன்றரையை நெருங்கியிருந்தது. நாலு மணிக்கு மலையடிவாரக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் அரக்கப்பரக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி அக்கா மருந்துப் பையையும் நோட்டையும் முன் இருக்கையில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கழிப்பறைப் பக்கம் யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்க்கப் போனாள். யாரும் இல்லை. திரும்பும்போது பார்த்தால், ஓடையில் மூன்று பிளாஸ்டிக் பாட்டில் மிதக்கிறது. காலையில் பஸ்ஸில் கொடுத்த அதே பாட்டில்! ஓடையைக் காப்பாற்ற வந்த மகராசர்கள் போட்டுவிட்டுப் போனவை! அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, ஒரு குச்சியால் இழுத்து, மூன்றையும் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

பஸ்ஸைக் காணோம்.

பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வளைவில் திரும்பி நிற்கும் என்று நினைத்து நடந்து போய்ப் பார்த்தாள். வளைவுக்கு அப்பாலும் ரோடுதான் இருந்தது. இடுப்புப் பையில் இருந்து போனை எடுத்தாள். சிக்னல் நன்றாக இருந்தது. டாக்டரின் நம்பரை எடுத்து விரலை வைக்கப் போனவள், வைக்கவில்லை.

பார்ப்போமே, என்று தோன்றிவிட்டது. எப்போது தேடுகிறார்கள், யார் முதலில் தேடுகிறார்கள், பார்ப்போமே.

நல்ல யோசனையா, கெட்ட யோசனையா என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். பதினொரு வருடம் மற்றவர்களைத் தேடித் தேடிக் கூட்டிக்கொண்டு வந்தவளுக்கு, ஒரே ஒரு நாள் தன்னை யாராவது தேட மாட்டார்களா என்று இருக்காதா? போனைப் பையில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

கேட்டைப் பூட்ட வந்த காவல்காரர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னம்மா, உங்க வண்டி போயி பத்து நிமிஷம் ஆச்சே?"

"தெரியும். திரும்பி வரும்."

"போன் பண்ணிட்டீங்களா?"

"வருவாங்க" என்றாள் அவள், பண்ணினேன் என்றும் சொல்லாமல், பண்ணவில்லை என்றும் சொல்லாமல்.

காவல்காரர் ஒரு நிமிஷம் நின்றார். "டவுனுக்குக் கடைசி பஸ் அஞ்சரைக்கு இந்த வழியாத்தான் வரும். அதை விட்டீங்கன்னா ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அங்கே ஈ காக்கை இல்லை.

மனசு ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தது. டீச்சர் கவனித்துவிடுவாள். நிச்சயம் கவனித்துவிடுவாள். பஸ்ஸில் எல்லோரும் தூங்கினதும், பின்னால் வந்து உட்கார்ந்து புருஷனைப் பற்றிப் புலம்ப வேண்டாமா? அப்போது இருக்கை காலியாக இருப்பது தெரியுமே. டீச்சர் இல்லையென்றால் இந்தத் தடவை வந்திருந்த புதுக் கல்யாண ஜோடி. காலையில் அந்தப் பெண்ணின் குதிகாலுக்குப் பிளாஸ்திரி போட்டுவிட்டாளே. மாற்ற வேண்டும் என்று கேட்டு வர மாட்டாளா? இல்லையென்றால் டாக்டர். ரோட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் தலை தானாக நிமிர்ந்தது. ஒரு லாரி போயிற்று. அரை மணி நேரம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று.

இத்தனை நேரத்தில் பாதி வழி போயிருப்பார்கள். இத்தனை நேரத்தில் ஊர் எல்லை. இத்தனை நேரத்தில் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்திருப்பார்கள். இறங்கும்போது பின்னால் திரும்பிக் கை காட்டுவார்களே, யாருக்குக் காட்டினார்கள்? காலி இருக்கைக்கா?

ஐந்து மணிக்குப் போன் முனகியது. பாய்ந்து எடுத்தாள்.

'வந்துட்டேன் அக்கா.'

அது குழுவின் வழக்கம். சில வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் நடைக்கு வந்துவிட்டு வீடு போகும் வழியில் மயங்கி விழுந்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து, வீடு போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவரும் போனில் குழுவுக்கு ஒரு வரி போட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கடைசி அக்கா அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் குறித்துக்கொள்வாள். எல்லோரும் வந்ததும், 'எல்லாரும் வந்தாச்சு' என்று அவள் ஒரு வரி போடுவாள். அதோடு அன்றைய நடை முடிந்தது என்று அர்த்தம். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் டாக்டர் போனைக் கீழே வைப்பாராம், அவரே சொல்லியிருக்கிறார்.

'வந்துட்டேன் அக்கா.' 'ரீச்டு அக்கா.' 'வீட்டுக்கு வந்தாச்சு, தேங்க்ஸ் அக்கா.' வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எல்லாம் அவள் பேருக்கு! முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய கேட்டுக்கு முன்னால், கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு! அவள் என்ன செய்தாள் தெரியுமா? பையில் இருந்த துண்டுச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கோடு கிழித்துக் குறித்துக்கொண்டாள். பழக்கம். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

டீச்சரின் வரி பதினேழாவதாக வந்தது. 'வந்துட்டேன் அக்கா. சூப்பர் ட்ரிப். பஸ்ஸில் செம தூக்கம். நீங்களும் நல்லா ரெஸ்ட் எடுங்க.'

அதை அவள் இரண்டு தடவை படித்தாள். டாக்டரின் வரியும் வந்தது. அதில் ஒரு பூவும் இருந்தது. ஐந்து இருபத்தைந்துக்கு முப்பத்தொன்றாவது கோடு கிழித்தாள். இனி அவள் ஒரு வரி போட வேண்டியதுதான் பாக்கி. விரல் அந்த எழுத்துகள் வரைக்கும் தானாகப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

ஐந்தரைக்குப் பஸ் வந்தது. கடைசி பஸ். அவளைப் பார்த்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்து, "ஏறுறீங்களாம்மா?" என்றார்.

ஏறினால் ஒரு மணி நேரத்தில் வீடு. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அடுத்த ஞாயிறு விசிலோடு போய் நின்றால் எல்லாம் பழையபடி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பஸ் போன பிறகு, தான் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஐந்து நாற்பதுக்கு டாக்டர் எழுதினார்: 'அக்கா, இன்னும் முடிக்கலையே. யார் வரல?'

உடனே டீச்சர்: 'அய்யோ, யாரு பாக்கி? போன் பண்ணிப் பாக்கவா?'

வேறொருவர்: 'எல்லாரும் போட்டாச்சே. நான் எண்ணினேன், 31 இருக்கு.'

டாக்டர் மறுபடியும்: 'அக்கா, சொல்லுங்க. யார் வரல?'

அவள் எழுதினாள்: 'நான்.'

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்ததுபோல் போன் அலறத் தொடங்கியது. முதலில் டாக்டருடையதை எடுத்தாள். "எங்க இருக்கீங்க?" என்றார். "கேட்டுகிட்ட" என்றாள். "அங்கேயே இருங்க, அசையாதீங்க" என்று கத்திவிட்டு வைத்தார். டீச்சர் அழுதாள். வழக்கமாகப் பத்து நிமிஷம் அழுகிறவள், அன்று பதினைந்து நிமிஷம் அழுதாள். கடைசி அக்காதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

தேடிவிட்டார்கள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் மனசு அடங்கவில்லை. அவர்கள் தேடியது அவளையா? 'எல்லாரும் வந்தாச்சு' என்ற வரியைத்தானே தேடினார்கள்! அதை மட்டும் அவள் போட்டிருந்தால், இந்நேரம் முப்பத்தொரு பேரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நினைக்க நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருத்தருக்குமா தெரியாது? ஒருத்தருக்குமா?

டாக்டரின் கார் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. இறங்கினவர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

"ஏன் அக்கா போன் பண்ணல? ஒரு போன்! ஒரே ஒரு போன்! பாதி வழியிலேயே திருப்பியிருப்பேனே!"

"நீங்க எப்பத் தேடுவீங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு."

டாக்டர் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்துவிட்டார். அவள் மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் அவர்தான் ஆரம்பித்தார், குற்றவாளிக் குரலில்.

"சத்தியமாச் சொல்றேன், எண்ணாம வண்டியை எடுக்கலக்கா. டிரைவர் கிளம்பணும்னு பறந்தார், நான்தான் இருங்கன்னு சொல்லி, உங்க நோட்டை எடுத்துப் பாத்தேன். முப்பத்தொண்ணுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. ஒவ்வொரு தலையா எண்ணினேன். முப்பத்தொண்ணு சரியா இருந்துச்சு. உங்க பை முன்னாலயே இருந்துச்சா, நீங்களும் பின்னால உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சுட்டேன். எண்ணிக்கை சரியா இருந்துச்சேக்கா!"

காலையில் பஸ் வாசலில் நின்றது அவளுக்கு நினைவு வந்தது. ஏறுகிறவர்களை எண்ணினாள். எண்ணி முடித்து எழுதினாள். எழுதிவிட்டு ஏறினாள்.

"டாக்டர், நான் என்னை எண்ணல."

"இன்னிக்கு அவசரத்துல விட்டுட்டீங்க போல."

"இன்னிக்கு இல்ல. நான் என்னை எண்ணினதே இல்ல."

டாக்டர் காரை ஓரம் கட்டினார். உள்விளக்கைப் போட்டு, பின் இருக்கையில் இருந்த நோட்டுகளை எட்டி எடுத்தார். புதன்கிழமைக்காக நாலையும் அவர்தான் வைத்திருந்தார். முதல் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

"இதுல பதினாலு. அப்போ உங்களோட பதினஞ்சா?"

"ஆமா."

"இது இருபத்திரண்டு?"

"இருபத்துமூணு."

அவர் புரட்டிக்கொண்டே போனார். ஒன்பது, பத்து ஆனது. நாற்பது, நாற்பத்தொன்று ஆனது. இரண்டாவது நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "'கனமழை. யாரும் வரவில்லை. பூஜ்யம்.' ஆங், இது அந்தப் புயல் வாரம். நானும் வரல, ஞாபகம் இருக்கு. அன்னிக்கு நடையே இல்ல."

"இருந்துச்சு" என்றாள் அவள்.

"யார் நடந்தா?"

"நான்தான். எட்டரை வரைக்கும் பாலத்துல நின்னு பாத்தேன், யாரும் வரல. சரின்னு நானே போனேன். மேல்பாலத்துலேருந்து கீழ்ப்பாலம் வரைக்கும். மூணு மணி நேரம்."

"தனியாவா? அந்த மழையிலயா?"

"விசிலும் எடுத்துட்டுத்தான் போனேன்."

சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. மத்தியானத்திலிருந்து முப்பத்தொரு பேர் மேலும் எரிந்துகொண்டிருந்தாளே, அந்தப் பக்கத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து? யாரும் வரவில்லை என்று எழுதியது யார்? முட்டி வரை நனைந்து, சேற்றில் வழுக்கி, மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே இவளே எழுதியதுதான் அது. எழுதும்போது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இதை ஒண்ணுன்னு மாத்தட்டுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடுங்க. நானே மாத்தறேன்."

பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். அந்தப் பெரிய பக்கத்தில் அது ஒரு சின்னக் கோடு. பூஜ்யமாக இருந்தபோது அங்கே யாரும் இல்லை, அதனால் யாருக்கும் வருத்தமும் இல்லை. இப்போது அங்கே ஒருத்தி மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கட்டுப்படுத்தவில்லை, முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை, பதினொரு வருடத்தில் மற்றவர்கள் அவளிடம் வந்து அழுதார்களே, அப்படி அழுதாள். டாக்டரின் போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. உள்விளக்கை அணைத்துவிட்டு, சாவியில் கை வைக்காமல், அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.